எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி யாருடைய சொத்து?

ஆலத்தியூர் சிமெண்ட் ஆலை வாசலில், ஷிப்ட் மாறும் நேரத்தில், டீக்கடை பெஞ்சில் எழுந்த ஒரு கேள்வியோடு இந்தத் தலையங்கத்தைத் தொடங்குகிறோம். "எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவருக்கு மந்திரிக்குச் சமமான சம்பளமும் சலுகையும் சர்க்கார் பணத்திலிருந்து கொடுக்கிறார்களே! சர்க்காரைத் திட்டுவதற்குச் சர்க்காரே கூலி கொடுப்பதா? இதனால் நமக்கு என்ன லாபம்?" என்று ஒரு தொழிலாளித் தோழர் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த விவசாயக் கூலித் தோழர், "அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் நம் வீட்டு உலையில் அரிசி கூடப் போகிறதா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட நாம் தயாராக இல்லை. உழைத்துக் களைத்த மனிதன், தன் வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்கிறான். அது நியாயமான கேள்வி. ஆனால் அந்த நாற்காலியால் தமக்கு ஒன்றும் ஆவதில்லை என்று தோழர்கள் முடிவு கட்டிவிடுவார்களேயானால், அதில் மிகவும் மகிழ்ச்சி அடைகிறவர்கள் ஆளவந்தார்கள்தான். ஆகவே நிதானமாகச் சிந்தித்துப் பார்ப்போம்.

அரியலூர் மண் கற்பித்த பாடம்

1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலை. சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைக் கடந்து சென்றது. மருதையாற்றில் வெள்ளம். வெள்ளம் அரித்த பாலம் ரயிலோடு இடிந்து விழுந்தது. 140-க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். நமது பகுதியின் பெரியவர்கள் அந்தத் துயரத்தைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிச் சென்றிருக்கிறார்கள்.

அன்று ரயில்வே மந்திரியாக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டு மகபூப்நகர் ரயில் விபத்தின்போதே அவர் ராஜினாமா கொடுத்தார். பிரதம மந்திரி நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பின் மீண்டும் ராஜினாமா கொடுத்தார். இம்முறை அது ஏற்கப்பட்டது. பாலத்தை மந்திரி தம் கையால் இடிக்கவில்லை. ஆயினும் மக்களின் உயிருக்குப் பொறுப்பு தம்முடையது என்று ஒப்புக்கொண்டார்.

2023 ஜூன் 2-ந் தேதி ஒரிசாவின் பாலசோர் அருகே ரயில்கள் மோதி 290-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். மந்திரி விலகவேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கோரின. மந்திரி விலகவில்லை.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனசாட்சி உள்ள மந்திரி கிடைத்தால் பதில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் இல்லை என்ற நிலையில் ஒரு நாட்டு மக்கள் வாழ முடியுமா? மந்திரியின் குணத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் மக்களுக்கு இருக்கக்கூடாது என்பதற்காகவே, மந்திரிசபை முழுவதும் லோக்சபைக்குக் கூட்டாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று அரசியல் சட்டத்தின் 75-வது ஷரத்து கூறுகிறது. மாநில மந்திரிசபை சட்டசபைக்குப் பதில் சொல்லவேண்டும் என்று 164-வது ஷரத்து கூறுகிறது.

சரி, பதில் சொல்லக் கடமை இருக்கிறது. கேள்வி கேட்பவர் யார்? ஆளுங்கட்சி அங்கத்தினர் தம் மந்திரியைச் சங்கடப்படுத்தத் துணிவது அபூர்வம். அடுத்த தேர்தலில் டிக்கெட் வேண்டுமே! ஆகவே கேட்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒருவர் சபையில் வேண்டும். ஆளுங்கட்சிக்கு எதிரே இருக்கும் அத்தனை குரல்களையும் ஒருமுகப்படுத்த வேண்டும். இன்றைய ஆட்சி தவறினால் மாற்று என்ன என்பதையும் மக்கள் முன்னே வைக்கவேண்டும். எதிர்க்கட்சித் தலைவரின் வேலை இதுவே. அவர் வாங்கும் சம்பளம் சர்க்காரின் தயவு அல்ல. நம் சார்பில் கேள்வி கேட்பதற்காக நாம் கொடுக்கும் கூலி.

பட்டம் இல்லாமலே பணியாற்றியவர்கள்

பிரிட்டனில் எதிர்க்கட்சித் தலைவருக்குச் சட்டப்படி சம்பளம் நிர்ணயித்தது 1937-ல். நமது நாட்டில் அதற்கு இன்னும் 40 ஆண்டுகள் பிடித்தன.

1952-ல் அமைந்த முதல் லோக்சபையில் 489 ஸ்தானங்கள். கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 16. எதிர்த்தரப்பில் பெரிய குழு அதுதான், ஏ. கே. கோபாலன் அதன் தலைவர். ஆனால் சபையின் பத்தில் ஒரு பங்கு அங்கத்தினர் இல்லாத கட்சியை அங்கீகரிப்பதில்லை என்று ஸ்பீக்கர் மவ்லங்கர் ஒரு விதி வகுத்திருந்தார். ஆகவே பட்டமும் இல்லை, சலுகையும் இல்லை. பட்டம் இல்லாததால் கோபாலன் வாய் மூடி இருந்தாரா? தடுப்புக் காவல் சட்டத்தை எதிர்த்து 1950-லேயே சுப்ரீம் கோர்ட் வரை வழக்காடியவர் அவர். சபையிலும் நிலமற்றவர்களின் குரலாகவே ஒலித்தார்.

அதே 1952-ல் சென்னை ராஜ்யச் சட்டசபைக்கு 375 ஸ்தானங்கள். காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. கம்யூனிஸ்டுகள் 62. சிறையிலிருந்தபடியே மதுரை வடக்குத் தொகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பி. ராமமூர்த்தி அந்தச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராகப் பணியாற்றினார். கம்யூனிஸ்டுகளே தமது முதல் எதிரி என்று சட்டசபையில் பிரகடனம் செய்தவர் முதல் மந்திரி ராஜாஜி. அந்த ராஜாஜி சர்க்காரே 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பண்ணையாளுக்குக் கூலி நிர்ணயம், குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, நினைத்தபடி வெளியேற்றத் தடை ஆகியவை அதில் இருந்தன. மிராசுதார்கள் மனம் மாறியா இது வந்தது? இல்லை. வயல்வரப்பில் விவசாயிகள் சங்கம். சட்டசபையில் வலுவான எதிர்த்தரப்பு. இரண்டும் சேர்ந்து அழுத்தியதால் வந்தது.

லோக்சபையில் முதன்முதல் அங்கீகாரம் பெற்ற எதிர்க்கட்சித் தலைவர் ராம் சுபக் சிங். ஆண்டு 1969, காங்கிரஸ் இரண்டாகப் பிளந்த பிறகு. 1975-ல் அவசரநிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்கூடங்களில் அடைக்கப்பட்டனர். பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டது. வேலை நிறுத்தம் செய்த தொழிலாளி உள்ளே தள்ளப்பட்டான். கேள்வி கேட்பவர் இல்லாத சர்க்கார் எப்படி இருக்கும் என்பதை நாடு கண்ணால் கண்டது. அந்தப் பாடத்தைக் கற்ற பிறகுதான் 1977-ல் எதிர்க்கட்சித் தலைவருக்குச் சம்பளமும் அந்தஸ்தும் வழங்கும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. ஆக, இந்த நாற்காலியைப் பெறுவதற்கு நாடு கொடுத்த விலை சொற்பமல்ல.

பத்து ஆண்டுகள் காலியாகக் கிடந்த நாற்காலி

1977-ம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது? எதிர்த்தரப்பில் அதிக எண்ணிக்கை கொண்ட கட்சியின் தலைவர், ஸ்பீக்கரின் அங்கீகாரம் பெற்றவர், எதிர்க்கட்சித் தலைவர் ஆவார். பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு அந்தச் சட்டத்தில் இல்லை. ஆயினும் பழைய விதியையே காட்டி, 2014-ல் 44 ஸ்தானம் பெற்ற காங்கிரஸுக்கு அந்த அந்தஸ்து மறுக்கப்பட்டது. 2019-ல் 52 ஸ்தானம். அப்போதும் அந்த அந்தஸ்து இல்லை. 543-ல் பத்தில் ஒன்று 55 அல்லவா என்றார்கள். 2024 ஜூனில் 99 ஸ்தானங்களோடு ராகுல் காந்தி எதிர்க்கட்சித் தலைவரானபோதுதான் பத்தாண்டுக் காலி இடம் நிரம்பியது.

இது காங்கிரஸ் கட்சியின் கௌரவப் பிரச்னை மட்டும் என்று நினைக்கவேண்டாம். விஜிலன்ஸ் கமிஷன், தகவல் கமிஷன், மனித உரிமைக் கமிஷன், லோக்பால், சி.பி.ஐ. டைரக்டர் ஆகிய பதவிகளுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டிகளில் எதிர்த்தரப்பின் தலைவருக்கு இடம் உண்டு. லோக்பால் சட்டம் 2013-ல் நிறைவேறியது. எதிர்க்கட்சித் தலைவர் இல்லை என்ற சாக்கையும் சேர்த்துச் சொல்லி இழுத்தடித்து, முதல் லோக்பால் நியமனம் ஆனது 2019 மார்ச்சில்! லஞ்ச ஊழலை விசாரிக்கும் அமைப்பு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தது.

தேர்தல் கமிஷன் விஷயம் இன்னும் மோசம். பிரதம மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர், சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி ஆகிய மூவர் சேர்ந்து தேர்தல் கமிஷனர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பார்லிமெண்ட் சட்டம் இயற்றும்வரை இந்த ஏற்பாடு என்றது. அதே ஆண்டு டிசம்பரில் சட்டம் வந்தது. தலைமை நீதிபதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மத்திய மந்திரியை உட்காரவைத்தார்கள். மூவரில் இருவர் சர்க்கார்! எதிர்க்கட்சித் தலைவர் ஆட்சேபக் குறிப்பு எழுதலாம். முடிவை மாற்ற முடியாது. 2025 பிப்ரவரியில் தலைமைத் தேர்தல் கமிஷனர் நியமனத்தின்போது இதுதான் நடந்தது. நாற்காலியைக் கொடுத்துவிட்டு அதன் கால்களை அறுப்பது என்பது இதுவே.

நூறு நாள் வேலை சொல்லும் சாட்சி

"உலையில் அரிசி கூடுமா?" என்று கேட்ட விவசாயக் கூலித் தோழருக்கு இப்போது பதில் சொல்கிறோம்.

கிராமப்புற வேலை உறுதி மசோதா 2004 டிசம்பரில் பார்லிமெண்டில் வைக்கப்பட்டபோது, வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டுமே வேலை என்றிருந்தது. பட்டியலில் யார் பெயர் ஏறும், யார் பெயர் விடுபடும் என்பது செந்துறை வட்டத்துத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மசோதா நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. அந்தக் குழுவின் தலைவர் எதிர்க்கட்சியான பா.ஜ.க.வைச் சேர்ந்த கல்யாண் சிங். குழு மாதக்கணக்கில் ஆராய்ந்தது. இடதுசாரிகளும் தொண்டர் அமைப்புகளும் வெளியே இயக்கம் நடத்தினார்கள். முடிவில் 2005 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில், உடலுழைப்புக்குத் தயாராக உள்ள எல்லாக் கிராமக் குடும்பங்களுக்கும் வேலை கேட்கும் உரிமை கிடைத்தது. எந்தக் கட்சி ஆளுங்கட்சி, எந்தக் கட்சி எதிர்க்கட்சி என்பதல்ல இங்கே விஷயம். எதிர்த்தரப்பு பரிசீலிக்க வழி இருந்தது, ஓட்டை அடைபட்டது.

இருபது ஆண்டுகள் சென்றன. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதா வந்தது. நாட்களை 100-லிருந்து 125 ஆக்கினோம் என்று தம்பட்டம் அடித்தார்கள். ஆனால் கூலிச் செலவு முழுவதையும் மத்திய சர்க்கார் ஏற்ற நிலை மாறி, 40 சதவிகிதப் பாரம் பெரும்பாலான மாநிலங்களின் தலையில் ஏறியது. விவசாய வேலைக் காலம் என்று சொல்லி ஆண்டில் 60 நாள்வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்யப்பட்டது. இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கமிட்டிக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கேட்கவில்லை. 16-ந் தேதி வைத்த மசோதா 18-ந் தேதி லோக்சபையில் நிறைவேறியது. அன்று நள்ளிரவு கடந்து ராஜ்யசபையிலும் முடித்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த வாரத்தில் லோக்சபையின் எதிர்க்கட்சித் தலைவர் ஜெர்மனிப் பயணத்தில் இருந்தார். அவர் சபையில் இருந்திருந்தால் மசோதா தோற்றிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. எண்ணிக்கை சர்க்கார் பக்கம். ஆனால் மண்வெட்டி பிடிக்கும் கோடிக்கணக்கான கைகளின் கூலி விவாதிக்கப்படும் நாளில் அந்த நாற்காலி காலியாக இருக்கலாமா? கூலிக்காரன் ஒரு நாள் வராவிட்டால் கூலி இல்லை. நம் கூலி வாங்கும் தலைவருக்கும் அந்த நியாயம் பொருந்தாதா?

ஆலைத் தொழிலாளிக்கு நேர்ந்தது

2020 செப்டம்பர் கூட்டத்தொடரைத் தொழிலாளித் தோழர்கள் மறக்கக்கூடாது. தொற்றுநோயைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்டது. செப்டம்பர் 20-ந் தேதி ராஜ்யசபையில் விவசாய மசோதாக்கள், ஓட்டுகளை எண்ணவேண்டும் என்ற கோரிக்கையை மீறிக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றப்பட்டன. மறுநாள் எட்டு அங்கத்தினர்கள் சஸ்பெண்ட். எதிர்க்கட்சிகள் சபையைப் பகிஷ்கரித்தன. அந்த நேரம் பார்த்து 22, 23 தேதிகளில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இரு சபைகளிலும் நிறைவேறின. ஆலையை மூடவும் ஆட்குறைப்பு செய்யவும் 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கே சர்க்கார் அனுமதி தேவை என்றிருந்ததை, 300 பேர் என்று உயர்த்தினார்கள். எதிர்ப்பெஞ்சு காலியாக இருந்த நேரத்தில் தொழிலாளியின் வேலைப் பாதுகாப்பு பறிபோயிற்று. 2025 நவம்பர் 21-ந் தேதி அந்தத் தொகுப்புகள் அமுலுக்கும் வந்துவிட்டன.

விவசாயச் சட்டங்களோ நிலைக்கவில்லை. டில்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டு காலம் பனியிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் சர்க்கார் பணிந்தது. வாபஸ் மசோதாவையும் விவாதமில்லாமலே ஒரே நாளில் நிறைவேற்றினார்கள் என்பது வேறு விஷயம்!

தமிழ்நாட்டிலும் ஒரு சம்பவம் உண்டு. 2023 ஏப்ரல் 21-ந் தேதி, கூட்டத்தொடரின் கடைசி நாளில், 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டசபையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் உள்ளிட்ட ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொடி பேதமின்றித் திரண்டன. மூன்றாம் நாள் திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்று முதல் மந்திரி ஸ்டாலின் அறிவித்தார்.

இவற்றிலிருந்து என்ன தெரிகிறது? எதிர்ப்பு என்பது ஒரு கட்சியின் ஏகபோகம் அல்ல. சபைக்குள்ளே எழும் குரலுக்குப் பின்னால் ஆலைவாசலும் வயல்வரப்பும் நின்றால் சர்க்கார் செவிசாய்க்கும். பின்னால் யாரும் இல்லாவிட்டால் அந்தக் குரல் சபைக் குறிப்பில் நாலு வரியாக முடிந்துபோகும்.

நாற்காலியைப் பறிப்பதும் பாழாக்குவதும்

எண்ணிக்கையைச் சுரண்டி நாற்காலியைப் பறிக்கும் வித்தையும் நாம் கண்டதுதான். 2011-ல் 29 ஸ்தானங்களோடு எதிர்க்கட்சித் தலைவரானவர் விஜயகாந்த். அவர் கட்சியின் அங்கத்தினர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆளுங்கட்சி முகாமை நோக்கி நகர்ந்தார்கள். 2016 பிப்ரவரியில் எட்டுப் பேர் ராஜினாமா செய்தவுடன் அந்த அந்தஸ்தே போயிற்று. மறுபக்கம், அவர் சபைக்கு வந்த நாட்களும் குறைவு. 2017 பிப்ரவரி 18-ந் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பின்போது எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டாலினும் அவரது கட்சியினரும் வெளியேற்றப்பட்டனர். பிறகு 122-க்கு 11 என்று நம்பிக்கை பெற்றார்கள்! 2023 டிசம்பரில் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் 146 அங்கத்தினர்களை சஸ்பெண்ட் செய்துவிட்டுக் குற்றவியல் சட்டங்களையே மாற்றி எழுதினார்கள்.

கடல் கடந்தும் பார்ப்போம். 1977-ல் இலங்கைப் பார்லிமெண்டில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தவர் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம். 1983 ஜூலைப் படுகொலைக்குப் பிறகு, அடுத்த மாதமே ஆறாவது அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து ஒரு சத்தியப் பிரமாணத்தைக் கட்டாயமாக்கினார்கள். கூட்டணியினர் ஸ்தானங்களை இழந்தார்கள். பேசுவதற்கு இருந்த இடத்தை அடைத்த பிறகு அந்த நாடு 2009 வரை கண்டது யுத்தமும் பிணக்குவியலும்தான். எதிர்க்குரலை அடைப்பவர்கள் நாட்டுக்கு அமைதியைக் கொண்டுவருவதில்லை.

நமது கோரிக்கைகள்

எனவே நாம் வற்புறுத்துவது இதுதான்:

ஒன்று: எதிர்த்தரப்பில் பெரிய கட்சியின் தலைவரே எதிர்க்கட்சித் தலைவர் என்று சட்டத்தில் திட்டவட்டமாக எழுதவேண்டும். பத்தில் ஒன்று என்ற கணக்குக்கு முடிவு கட்டவேண்டும்.

இரண்டு: தொழிலாளி, விவசாயி, விவசாயக் கூலி சம்பந்தப்பட்ட எந்த மசோதாவும் கமிட்டிப் பரிசீலனையும் தொழிற்சங்கங்களின் சாட்சியமும் இல்லாமல் நிறைவேறக்கூடாது.

மூன்று: தேர்தல் கமிஷனர்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் சர்க்காருக்குப் பெரும்பான்மை இருக்கக்கூடாது.

நான்கு: கூட்டத்தொடரில் எதிர்க்கட்சித் தலைவர் வந்த நாள், வராத நாள், கேட்ட கேள்வி, பெற்ற பதில் ஆகியவற்றை ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிவிலும் அவரே மக்கள் முன் வைக்கவேண்டும்.

தோழர்களே! கடைசியாக, நமது ஊருக்கு வருவோம். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கும் சுரங்கங்களிலிருந்து, சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஊர்களின் நலனுக்கென்றே மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பணம் கட்டவேண்டும் என்று 2015-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கூறுகிறது. அரியலூர் மாவட்டத்தில் எவ்வளவு வசூல் ஆயிற்று? எந்தெந்த ஊரில் என்ன வேலை நடந்தது? ஆலத்தியூருக்கு என்ன வந்தது? சட்டசபையில் இதைக் கேட்கும்படி நம் அங்கத்தினரிடம் மகஜர் கொடுத்தோமா? மே தினத்தன்றும் ஆகஸ்ட் 15-லும் கூடும் கிராம சபையில் எழுந்து நின்று கேட்டோமா? 2019-ல் நமது சிதம்பரம் பார்லிமெண்ட் தொகுதியில் வெற்றி தோல்வி 3,219 ஓட்டில் முடிவாயிற்று. நம்முடைய ஒவ்வொரு ஓட்டுக்கும் எவ்வளவு கனம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சென்னையிலும் டில்லியிலும் உள்ள அந்த நாற்காலி எந்தக் கட்சியின் பிதுரார்ஜிதச் சொத்தும் அல்ல. ஸ்பீக்கர் போடும் பிச்சையும் அல்ல. அது ஆலையிலும் வயலிலும் உழைப்பவர்களின் சொத்து. சர்க்கார் எதிர்க்கட்சித் தலைவருக்குப் பதில் சொல்லட்டும். எதிர்க்கட்சித் தலைவர் நமக்குப் பதில் சொல்லட்டும். டீக்கடை பெஞ்சில் கேட்ட கேள்வியைக் கிராம சபைக்கும், ஆலைவாசல் கூட்டத்துக்கும், சட்டசபைக்கும் கொண்டு செல்வோம். சங்கமாகத் திரண்டு கேட்போம். பதில் பெறும்வரை ஓயமாட்டோம்!